மருந்துக்குப் பூட்டிய விலங்கு

ஒரு நோய் இருக்கிறது. அதற்கு மருந்தும் இருக்கிறது. அம்மருந்து நேற்றுக் கண்டுபிடித்ததன்று; அறுபது ஆண்டு அநுபவம் அதற்குப் பின்னால் நிற்கிறது. விலை மிகுந்ததும் அன்று. அது உயிரைக் காக்கிறது என்பதில் வைத்திய சாஸ்திரம் அறிந்தவர்களுக்குள் தகராறு இல்லை. அப்படியிருந்தும், 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அந்நோய் கண்டவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கே அது கிடைத்தது. இதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் முக்கியமான ஒன்று சட்டம். அதுவும் நல்லெண்ணத்தோடு இயற்றப்பட்ட சட்டம். செல்வத்திலும் வைத்திய ஞானத்திலும் உலகுக்கு முன்னோடி என்று மார்தட்டும் அமெரிக்காவில்தான் இந்த விபரீதம் நடந்து வந்திருக்கிறது.

நோய் இன்னதென்று சொல்லிவிடுகிறோம். அபினியும், அபினி இனத்தைச் சேர்ந்த மார்பின், ஹெராயின், ஃபெண்டனில் முதலிய சரக்குகளும் மனிதனைப் பற்றிக்கொண்டு விடாத பழக்கமே அது. 2022ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் போதைச் சரக்குகள் அளவு மிஞ்சி உடம்பில் ஏறியதால் மாண்டவர்கள் 1,07,000 பேருக்கு மேல். அவர்களில் 80,000க்கும் அதிகமானோரின் சாவுக்கு அபினி வர்க்கத்துச் சரக்குகள் காரணமாயிருந்தன. 2024ஆம் ஆண்டில் மொத்தச் சாவு சுமார் 80,000 ஆகக் குறைந்தது. குறைந்ததே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் வியட்நாம் யுத்தம் முழுவதிலும் உயிரிழந்த அமெரிக்கப் படையினர் சுமார் 58,000 பேர் என்பதை நினைவு கூர்ந்தால், ஆறுதல் நெடுநேரம் நிலைக்காது.

அமெரிக்கர் துன்பத்தைப் பற்றி நாம் இத்தனை பத்திகளைச் செலவிடுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வைத்தியனுக்கும் நோயாளிக்கும் நடுவே சர்க்கார் எவ்வளவு தூரம் வந்து நிற்கலாம் என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான பிரச்னை. அந்தப் பிரச்னை நூறு ஆண்டுக் காலம் பரீட்சிக்கப்பட்ட இடம் அமெரிக்கா. பிறர் பட்டுத் தெரிந்துகொண்டதை நாமும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நியதி இல்லை. நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றியும் முடிவில் ஒரு வார்த்தை சொல்வோம்.

முதலில் மருந்தைப் பார்ப்போம். இரண்டு மருந்துகள் முக்கியமானவை. ஒன்று மெதடோன், மற்றொன்று புப்ரநார்பின். இரண்டும் அபினி வர்க்கத்தைச் சேர்ந்தவையே. ஹெராயினின் வேகம் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். தணிந்ததும் உடம்பில் நடுக்கமும் வலியும் வாந்தியும் தோன்றி, மறுபடியும் அதைத் தேடி ஓடச் செய்யும். மெதடோனோ ஒரு வேளை உட்கொண்டால் ஒரு நாள் முழுவதும் நிற்கும். சரியான அளவில் பழகியவனுக்கு மயக்கமும் இல்லை, தவிப்பும் இல்லை. அவன் வேலைக்குப் போகலாம். பிள்ளை குட்டிகளைக் கவனிக்கலாம். புப்ரநார்பின் இன்னும் ஒரு படி பத்திரமானது. ஒரு மட்டத்துக்குமேல் அளவைக் கூட்டினாலும் அதன் வேகம் கூடுவதில்லை. இம்மருந்துகளை ஒழுங்காக உட்கொண்டு வருவோரிடையே சாவு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. உலக சுகாதார ஸ்தாபனம் 2005ஆம் ஆண்டில் இரண்டையும் அத்தியாவசிய மருந்துகளின் ஜாபிதாவில் சேர்த்தது.

"சாராயக் குடியனுக்குக் கள்ளைக் கொடுத்துத் திருத்துவது போலல்லவா இருக்கிறது?" என்று ஒரு நண்பர் நம்மைக் கேட்டார். இந்த ஆட்சேபம் அவருடையது மட்டுமன்று. அமெரிக்கச் சட்டங்கள் பலவற்றின் அடியில் இதே எண்ணம்தான் புதைந்து கிடக்கிறது. இதற்கு நமது பதில் சுருக்கமானது. நீரிழிவுக்காரன் தினந்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்கிறான். அவனை இன்சுலினுக்கு அடிமை என்று யாரும் இகழ்வதில்லை. சரக்கைத் தேடித் திருடுவதும், பொய் சொல்வதும், குடும்பத்தை மறப்பதும், தெருவோரத்தில் மூச்சடங்கிக் கிடப்பதுமே அடிமைத்தனம். அவற்றினின்று ஒருவனை மீட்டு மனிதர் நடுவே நிறுத்தும் பொருளுக்கு மருந்து என்றுதான் பெயர்.

இனிச் சட்டத்தின் கதைக்கு வருவோம். 1914ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் சபை ஹாரிஸன் சட்டத்தை இயற்றியது. பெயரளவில் அது ஒரு வரிச் சட்டம். அபினி, கோக்கேன் முதலியவற்றைக் கையாளுவோர் பெயரைப் பதிவு செய்துகொண்டு, சிறு வரி செலுத்தி, கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். டாக்டர்கள் தங்கள் தொழில் முறையில் கொடுக்கும் மருந்துக்குச் சட்டம் விலக்கு அளித்தது. தொழில் முறை என்பது எது? அந்தச் சில வார்த்தைகளின் பொருளில்தான் பிற்காலத்துத் துன்பம் முழுவதும் அடங்கியிருந்தது.

1919ஆம் ஆண்டு வெப் என்பவரின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. அவர் மெம்பிஸ் நகரத்து டாக்டர். சீட்டு ஒன்றுக்கு அரை டாலர் வாங்கிக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் மார்பினுக்குச் சீட்டு எழுதி வந்தவர். அவரை யாரும் உத்தமர் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் கோர்ட்டின் முன் வைக்கப்பட்ட கேள்வி அவருடைய பேராசையைப் பற்றியதன்று. பழக்கத்துக்கு அடிமைப்பட்டவன் துன்பப்படாமல் இருப்பதற்காக, அவன் வழக்கமாக உட்கொள்ளும் அளவை டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது மருந்துச் சீட்டாகுமா என்பதே கேள்வி. ஆகாது என்று நீதிபதிகளில் ஐவர் சொன்னார்கள், நால்வர் மாறுபட்டார்கள். அயோக்கியர் ஒருவரைத் தண்டிக்க எழுதிய தீர்ப்பு யோக்கியர் அனைவருடைய கைகளையும் கட்டிவிட்டது. அந்நாட்களில் பல நகரங்களில் முனிசிபாலிடிகளும் சுகாதார அதிகாரிகளும் இந்நோயாளிகளுக்கென்று நிலையங்கள் நடத்தி வந்தார்கள். லூயிஸியானா ராஜ்யத்தில் ஷ்ரீவ்போர்ட் நகரத்து நிலையம் அவற்றுள் பெயர் பெற்றது. 1923ஆம் ஆண்டில் அதுவும் மூடப்பட்டது.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1925ஆம் ஆண்டில், அதே சுப்ரீம் கோர்ட் லிண்டர் என்ற டாக்டரின் வழக்கில் ஏகமனதாக வேறு பாஷை பேசியது. ஸ்போகேன் நகரத்து டாக்டரான அவர், அதிகாரிகளின் ஏவலால் நோயாளி வேஷத்தில் வந்த ஒரு பெண்மணிக்கு ஒரு மார்பின் மாத்திரையும் மூன்று கோக்கேன் மாத்திரையும் கொடுத்ததே குற்றம். அடிமைப்பட்டவர்கள் நோயாளிகள், அவர்களுக்கு வைத்தியம் செய்வது முறையே என்று கோர்ட் சொல்லி, அவரை விடுவித்தது. நீதி கிடைத்தது, ஆனால் பயம் தெளியவில்லை. தீர்ப்பைப் படிக்கும் டாக்டர்களைவிட, பக்கத்துத் தெரு டாக்டர் சிறைக்குப் போனதைக் கேள்விப்பட்ட டாக்டர்களே அதிகம். சட்டப் புத்தகத்தில் உள்ள நியாயம் ஒன்று. அதிகாரியின் கதவுத் தட்டலில் உள்ள நியாயம் வேறு. இதை வக்கீல் தொழில் செய்தவர் எவரும் அறிவர். நாற்பது ஆண்டுக் காலம் அமெரிக்க வைத்தியர்கள் இந்நோயாளிகளை ஏறெடுத்துப் பார்க்க அஞ்சினார்கள். ஒருவன் அடிமைப்பட்டிருக்கும் நிலையையே குற்றமாக்கித் தண்டிக்கலாகாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்ல 1962ஆம் ஆண்டு வரை, ராபின்ஸன் வழக்கு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

1964ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் டாக்டர் வின்ஸென்ட் டோல் என்பவரும் டாக்டர் மேரி நைஸ்வாண்டர் என்ற அம்மையாரும் மெதடோனைக் கொண்டு சிகிச்சையை ஆரம்பித்தார்கள். மறு வருஷம் 22 நோயாளிகளின் வரலாற்றை அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் பத்திரிகையில் வெளியிட்டார்கள். சிறைக்கும் தெருவுக்குமாக அலைந்து கொண்டிருந்த மனிதர்கள் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் போகத் தொடங்கியிருந்தார்கள். 1971ஆம் ஆண்டில் ஜனாதிபதி நிக்ஸன் இம்முறையை நாடெங்கும் விரிவாக்கும் பொறுப்பை ஜெரோம் ஜாஃபி என்ற டாக்டரிடம் ஒப்புவித்தார். நல்ல காலம் பிறந்தது என்றே தோன்றியது.

ஆனால் மருந்து வெளிவந்த கையோடு விலங்கும் வெளிவந்தது. 1972ஆம் ஆண்டில் மத்திய சர்க்காரின் உணவு மருந்து இலாகா விதிகளை வகுத்தது. 1974ஆம் ஆண்டில் காங்கிரஸ் சபை தனிச் சட்டமே செய்தது. அவற்றின் விளைவு இது: இந்நோய்க்காக மெதடோன் வேண்டுமானால், தனி லைசென்ஸ் பெற்ற சிகிச்சை நிலையத்துக்கு நோயாளி போக வேண்டும், தாதியின் கண்ணெதிரே அதை விழுங்க வேண்டும். பிற்காலத்து விதிகளின்படி, ஓராண்டுக் காலமாவது அடிமைப்பட்டிருந்ததாகக் காட்டினால்தான் சாதாரணமாகச் சேர்த்துக்கொள்வார்கள். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு ஒரு வேளை மருந்தைத்தான் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். நிலையம் மூடியிருக்கும் நாளுக்கு மட்டும் விலக்கு. ஒரு மாத மருந்தைச் சேர்த்து வாங்க இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

இதில் ஒரு விசித்திரத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். இதே மெதடோனை முதுகு வலிக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், நோயாளி மூலை முடுக்கிலுள்ள எந்த மருந்துக் கடையிலும் வாங்கி வீட்டுக்குக் கொண்டு போகலாம். மருந்து ஒன்றே, கடை ஒன்றே, டாக்டரும் ஒருவராகவே இருக்கலாம். நோயின் பெயர் மாறியதும் சட்டம் முகத்தை மாற்றிக்கொள்கிறது. புப்ரநார்பின் விஷயத்திலும் இதே கதை. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பயிற்சி பெற்று, தனி அநுமதி பெற்ற டாக்டர்களே அதை இந்நோய்க்கு எழுதலாம். ஆரம்பத்தில் 30 நோயாளிகளுக்குமேல் பார்க்கக் கூடாது. பிறகு அந்த எல்லை 100 ஆயிற்று. 2016ஆம் ஆண்டில் 275 ஆயிற்று. ஜனங்களை லட்சக்கணக்கில் இந்நோய்க்குள் தள்ளிய வலிநிவாரண மாத்திரைகளை எழுத இத்தகைய தலைக்கணக்கு எதுவும் இல்லை. நோயை உண்டாக்கும் கைக்குச் சுதந்திரம். நோயைத் தீர்க்கும் கைக்குக் கணக்கு. இந்தக் கணக்கும் தனி அநுமதியும் 2022ஆம் ஆண்டு டிசம்பரில்தான் ஒழிந்தன.

கட்டுப்பாடே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. எதிர்த் தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுவதே முறை. மெதடோன் விளையாட்டுச் சாமானன்று. பழகாதவன் உட்கொண்டால் மூச்சை நிறுத்திவிடும். சிலருக்கு இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும். சிகிச்சையின் முதல் சில வாரங்களில் அளவைக் கூட்டுவதில் அவசரப்பட்டால் நோயாளியே மாண்டு போகலாம். வீட்டுக்குக் கொண்டு போன புட்டியைக் குழந்தை எடுத்துக் குடித்துவிடலாம். வெளியே விற்கவும் விற்கலாம். இவை யாவும் உண்மை. ஆனால் 2000க்குப் பிந்திய பத்தாண்டில் மெதடோனால் ஏற்பட்ட சாவுகள் பெருகியபோது, காரணம் பெரும்பாலும் வலிக்கென்று எழுதிய மாத்திரைகளே என்று கண்டார்கள். வரிசையில் நின்று தாதியின் முன் விழுங்கிய நோயாளிகள் பக்கம் காவல் போடப்பட்டிருந்தது. ஆபத்து வேறு வாசல் வழியாக வந்தது.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனாத் தொற்று பரவியபோது, அதிகாரிகள் மனமின்றியே ஒரு பரீட்சை செய்ய நேர்ந்தது. கூட்டம் கூடலாகாது என்பதற்காக, நிலைபெற்ற நோயாளிகளுக்கு 28 நாள் மருந்தையும் மற்றவர்களில் பலருக்கு 14 நாள் மருந்தையும் கையில் கொடுத்தனுப்ப அநுமதித்தார்கள். வெள்ளம் அணையை உடைக்கும் என்று அஞ்சியவர்கள் உண்டு. என்ன நடந்தது? 2019ஆம் ஆண்டில் போதைச் சாவுகளில் மெதடோன் சம்பந்தப்பட்டவை 4.5 சதவிகிதம், 2021ஆம் ஆண்டில் 3.2 சதவிகிதம். அரை நூற்றாண்டு நடத்திய நித்திய அணிவகுப்பில் பெரும் பகுதி அவசியமற்றது என்று அந்த அநுபவம் காட்டியது. 2024ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் இச்சலுகையை நிரந்தர விதியாக்கியது. முதல் இரண்டு வாரத்திலேயே 7 நாள் மருந்து வரையிலும், ஒரு மாதம் கழிந்தால் 28 நாள் வரையிலும் கொடுக்கலாம். ஓராண்டுப் பழக்கம் இருந்திருக்க வேண்டும் என்ற ஷரத்தும் நீங்கியது.

இத்துடன் கதை சுபமாக முடிந்துவிட்டதா? இல்லை. அமெரிக்கா பல ராஜ்யங்கள் சேர்ந்த சமஷ்டி. மத்திய சர்க்கார் விதியைத் தளர்த்தினாலும் ராஜ்யங்கள் அதைவிடக் கடுமையான விதிகளை வைத்துக்கொள்ளலாம். வெஸ்ட் வர்ஜினியா ராஜ்யத்தை எடுத்துக்கொள்வோம். போதைச் சாவு விகிதத்தில் பல ஆண்டுகள் நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற சுரங்கத் தொழில் நாடு அது. அந்த ராஜ்யத்தின் சட்டசபை 2007ஆம் ஆண்டில், இனிப் புதிய மெதடோன் நிலையம் எதற்கும் லைசென்ஸ் இல்லை என்று தடை போட்டது. வயோமிங் ராஜ்யத்தில் பல ஆண்டுகள் ஒரு நிலையம்கூட இருந்ததில்லை. வேறு இடங்களில் பகிரங்கத் தடை இராது. ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து இத்தனை தூரம், அவசியம் உண்டென்ற அத்தாட்சிப் பத்திரம், ஊர்ச் சபையின் சம்மதம் என்று வேலிமேல் வேலியாக எழும்பும். நிலையம் வேண்டும், ஆனால் எங்கள் தெருவில் வேண்டாம் என்பது எல்லாத் தெருவாருடைய கோரிக்கையாகவும் இருந்தால், நிலையம் வானத்தில்தான் கட்டப்பட வேண்டும்.

இதன் பாரத்தைச் சுமப்பவர் யார்? மலை நாட்டில் ஐம்பது மைலுக்கு அப்பால் குடியிருக்கும் ஒரு தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, நிலையத்துக்குப் போய், வரிசையில் நின்று, மருந்தை விழுங்கி, வேலை தொடங்குமுன் திரும்பியாக வேண்டும். இன்று மட்டுமன்று, நாளையும், நாளன்றைக்கும். வண்டி பழுதானால் மருந்து இல்லை. பனி பெய்தால் மருந்து இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், குழந்தையா மருந்தா என்று தாய் தீர்மானிக்க வேண்டும். மூன்று நாள் தவறிய பிறகு அவனைத் தேடி வருவது தாதியல்லள், தெருமுனை வியாபாரி. அவனிடம் லைசென்ஸும் இல்லை, வரிசையும் இல்லை. கடுமையான விதி கள்ளச் சரக்கின் போட்டிக்காரனை முடக்கிக் கள்ளச் சரக்குக்கு உபகாரம் செய்கிறது என்று நாம் சொல்வதில் மிகை ஏதாவது உண்டா?

வேறு வழியும் இருக்கிறது என்பதற்கு அதே நாட்டில் அத்தாட்சி உண்டு. வெர்மாண்ட் ராஜ்யம் நெடுநாள் மெதடோனை உள்ளே விடவில்லை. தாமே டாக்டராயிருந்த அக்காலத்துக் கவர்னரும் அதை எதிர்த்தார். 2000ஆம் ஆண்டில் சட்டம் மாறி, 2002ஆம் ஆண்டில் முதல் நிலையம் திறந்தது. பத்தாண்டுக்குப் பிறகு அந்த ராஜ்யம் சக்கரத்தைப் போன்ற ஓர் ஏற்பாட்டைச் செய்தது. குடம் போல நடுவில் பெரிய நிலையங்கள். ஆரங்கள் போலச் சுற்றிலும் ஊர் டாக்டர்கள். கஷ்டமான நிலையில் உள்ளவரைப் பெரிய நிலையம் ஏற்கும். தேறியவரைத் தம் ஊர் டாக்டரிடம் அனுப்பும். ரோட் ஐலண்ட் ராஜ்யம் 2016ஆம் ஆண்டில் தன் சிறைக்கூடங்களில் உள்ள கைதிகளுக்கு இம்மருந்துகளைக் கொடுக்கத் தொடங்கியது. விடுதலையான சில நாட்களில் நேரும் சாவே இந்நோயில் மிகவும் அதிகம். அந்தச் சாவு அங்கே ஒரே ஆண்டில் சுமார் 60 சதவிகிதம் குறைந்தது. அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால், பிரான்ஸ் தேசம் 1990களின் நடுவில் சாதாரண டாக்டர்கள் புப்ரநார்பின் எழுத இடங்கொடுத்தது; சில ஆண்டுகளுக்குள் போதைச் சாவுகள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கின. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் மெதடோனை மருந்துக் கடையிலேயே கொடுக்கிறார்கள். அந்த நாடுகள் மூழ்கிவிடவில்லை.

சட்டம் கடுமையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கே அது உறங்கியது. மருந்து எதுவும் கொடுக்காமல், இருக்க இடமும் உபதேசமும் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கும் விடுதிகளும் சிகிச்சைக் கம்பெனிகளும் அமெரிக்காவில் ஏராளம். 2023ஆம் ஆண்டு மே மாதம் அரிஸோனா ராஜ்யத்தின் கவர்னரும் அட்டர்னி ஜெனரலும் ஒரு பெரிய மோசடியை அம்பலப்படுத்தினார்கள். அந்நாட்டுப் பூர்வகுடி மக்களை ஆசை காட்டி அழைத்து வந்து, அவர்கள் பெயரில் சர்க்காரின் வைத்திய உதவிப் பணத்தைக் கறந்து, சிகிச்சை என்பதையே கொடாமல் கைவிட்ட கூட்டங்கள் பல. மருந்து கொடுப்பவன் வாசலில் இன்ஸ்பெக்டர் தினம் நிற்கிறார். ஏமாற்றுகிறவன் வாசலில் நெடுநாள் ஒருவரும் நிற்கவில்லை. சட்டம் எதைக் கண்டு அஞ்சியது என்பதை இந்த ஒரு வித்தியாசமே காட்டுகிறது. நோயாளி ஏமாற்றப்படுவதைவிட, நோயாளி ஏமாற்றிவிடுவானோ என்பதே அதன் கவலை.

ஆகவே நமது அபிப்பிராயம் இது. சர்க்கார் கண்காணிக்க வேண்டியது சிகிச்சை நிலையத்தை, நோயாளியை அன்று. தகுதியுள்ள டாக்டரும் தாதியும் இருக்கிறார்களா, ஆரம்ப அளவு ஜாக்கிரதையாகக் கொடுக்கப்படுகிறதா, கணக்கு ஒழுங்காக இருக்கிறதா, வந்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் உயிரோடும் சிகிச்சையோடும் இருக்கிறார்கள் என்று கேட்கட்டும். எத்தனை வேளை மருந்து வீட்டுக்குப் போகலாம் என்பதை அந்த நோயாளியை அறிந்த டாக்டர் தீர்மானிக்கட்டும். நிலையம் இல்லாத ஜில்லாக்களில் மருந்துக் கடைகள் அந்த வேலையைச் செய்யட்டும். அமெரிக்கக் காங்கிரஸ் சபையில் 2023ஆம் ஆண்டில் இதற்கு ஒரு மசோதா கொண்டு வந்தார்கள். இந்நோயில் தேர்ச்சி பெற்ற டாக்டர்கள் எழுதும் மெதடோனை மருந்துக் கடையில் வாங்க அது வகை செய்தது. அந்தச் சபையின் ஆயுள் முடியும் வரை அது நிறைவேறவில்லை. நிலையங்களில் பெரும்பாலானவை லாபத்துக்காக நடத்தப்படுபவை என்பதையும் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். வேலி பயிரைக் காக்கும். சில சமயம் வேலி போட்டவனுடைய வியாபாரத்தையும் காக்கும்.

நம் நாட்டைப் பற்றிச் சொல்வதாக வாக்களித்தோம். 1985ஆம் ஆண்டில் நமது பார்லிமெண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. கடத்தல்காரரைப் பிடிக்க வந்த அச்சட்டத்தின் வலையில் முதலில் சிக்கியவர்கள் வலியால் துடிக்கும் புற்றுநோயாளிகள். பல லைசென்ஸுகளுக்கும் தண்டனைக்கும் அஞ்சி ஆஸ்பத்திரிகள் மார்பினைக் கைவிட்டன. நாட்டில் அதன் உபயோகம் சில ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. நாம் கோர்ட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்த நாட்களில், சிற்றூர் டாக்டர் ஒருவர் நம்மிடம் யோசனை கேட்க வந்தார். அவரிடம் ஒரு முதியவர் புற்றுநோயால் துன்பப்பட்டுக் கொண்டிருந்தார். மார்பின் வாங்கி வைத்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். நாம் புத்தகத்தைப் புரட்டி, வேண்டிய அநுமதிகளையும் தவறினால் வரும் தண்டனையையும் ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேண்டாம், சார்" என்று எழுந்து போய்விட்டார். சட்டத்தைச் சரியாகச் சொன்னோம் என்ற திருப்தி அன்று நமக்கு இருந்தது. அந்த முதியவர் என்னவானார் என்று நாம் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

2014ஆம் ஆண்டில் பார்லிமெண்டு அச்சட்டத்தைத் திருத்தி, அத்தியாவசிய மருந்துகளுக்கு நாடு முழுவதற்கும் ஒரே விதி செய்தது. நல்ல காரியம். அடிமைப்பட்டவன் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால், அச்சட்டத்தின் 64-ஏ பிரிவு, தன் உபயோகத்துக்காகச் சொற்ப அளவு வைத்திருந்த குற்றத்துக்கு வழக்குத் தொடராமல் அவனைக் காக்கிறது. 71ஆம் பிரிவு சிகிச்சை நிலையங்கள் அமைக்கச் சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது. 2019ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கின்படி, அபினி வர்க்கப் பழக்கத்துக்கு உதவி வேண்டி நிற்கும் இந்தியர்கள் சுமார் 77 லட்சம் பேர். புப்ரநார்பினும் மெதடோனும் நம் நாட்டிலும் கொடுக்கப்படுகின்றன. எவ்விதிகளின்கீழ், எத்தனை தூரத்தில், எத்தனை பேருக்கு என்பதைத்தான் சட்டசபைகளில் இருப்பவர்கள் கேட்க வேண்டும். ஒரு சிகிச்சை நிலையத்துக்கு லைசென்ஸ் கொடுக்கும் அல்லது மறுக்கும் விதியை எழுதும்போது, அவ்விதியால் எத்தனை மாத்திரை திருட்டுப் போகாமல் நின்றது என்பதோடு, எத்தனை நோயாளிகள் வாசலிலிருந்தே திரும்பிப் போனார்கள் என்பதையும் அதே தாளில் எழுதட்டும்.

திருட்டுப் போன மாத்திரைக்குக் கணக்கு உண்டு, ரிஜிஸ்தரில் வரும், அதிகாரி பதில் சொல்ல வேண்டும். திரும்பிப் போன நோயாளிக்கு ரிஜிஸ்தர் இல்லை. அவன் எங்கோ ஓர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, தனியே மாள்கிறான். யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கா நூறு ஆண்டுக் காலம் முதல் கணக்கை மட்டும் பார்த்து வந்தது. இரண்டாவது கணக்கையும் நாம் இன்றே பார்க்கத் தொடங்குவோமாக.